சுத்தியல் விழும் முன்: சமையலறை, குளியலறை புதுப்பிப்புக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி?

சமையலறையையோ குளியலறையையோ புதுப்பிப்பது என்று முடிவானவுடன் வீட்டில் டைல்ஸ் நிறமும் அலமாரிக் கதவும்தான் பேச்சாக இருக்கும். வேலை நடக்கும் வாரங்களில் எங்கே சமைப்பது, பாத்திரத்தை எங்கே கழுவுவது, நடு இரவில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பேச்சு பெரும்பாலும் இடிக்க ஆள் வந்து நின்ற பிறகுதான் எழுகிறது. படுக்கையறையில் வேலை என்றால் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு அறைகளில் அது நடக்காது. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், எரிவாயு எல்லாம் வந்து சேரும் இடங்கள் இவை. இங்கே கை வைத்தால் வீடு முழுவதும் ஆடும்.

முதல் சுவர் உடைந்துவிட்டால், அதன்பின் வேலையின் வேகத்தைத் தொழிலாளர்களும் கடைகளும்தான் தீர்மானிப்பார்கள். அதற்கு முந்தைய சில வாரங்கள்தாம் முழுமையாக உங்கள் கையில் இருப்பவை. அப்போது செய்து வைக்க வேண்டியவற்றைக் கிட்டத்தட்ட அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

கடைசிப் பொருள் வந்த பிறகே முதல் அடி

ஒரேயொரு யோசனை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: தேவையான பொருள்கள் வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்துப் பார்த்து, சரியாக இருக்கின்றன என்று உறுதியாகும் வரை பழையதை இடிக்க விடாதீர்கள். பாதியில் நின்றுபோகும் வேலைகளில் பல, ஒரு குழாய்க்காகவோ அளவு மாறி வந்த சிங்க்குக்காகவோ காத்திருப்பவை. சிங்க் வராமல் கல் மேடையில் துளை வெட்ட முடியாது. மேடை பொருந்தாமல் குழாய் மாட்ட முடியாது. ஆர்டர் கொடுத்துச் செய்யும் அலமாரிகளுக்கும் கதவு, ஜன்னல்களுக்கும்தான் அதிகக் காலம் பிடிக்கும். எனவே வேலை தொடங்கும் தேதியை உங்கள் விடுமுறையை வைத்துக் குறிக்காமல், இவை வந்து சேரும் தேதியை வைத்துக் குறியுங்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. கல் மேடைக்கு, அதன் அடியில் வரும் அலமாரி நின்ற பிறகுதான் இறுதி அளவு எடுப்பார்கள். குளியலறைக் கண்ணாடித் தடுப்புக்கு டைல்ஸ் பதித்த பிறகுதான் அளவு எடுப்பார்கள். அளவெடுத்த நாளிலிருந்து பொருள் வர எத்தனை நாள் ஆகும் என்று முன்பே கேட்டு, அந்த இடைவெளியையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

டைல்ஸ் வாங்கும்போது பரப்பளவுக்கு மேல் 10 சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம். மூலைவாட்டில் பதிப்பதென்றால் வெட்டு வீணாவது அதிகம் என்பதால் 15 சதவீதம். பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வடிவம், ஒரே பெயர் என்றாலும் வேறு தொகுதியில் சுட்ட ஓடு நிறத்தில் சற்று விலகியிருக்கும். கடையில் தெரியாத அந்த வேறுபாடு சுவரில் பளிச்சென்று தெரியும்.

பணத்திலும் இடைவெளி வேண்டும். மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் தொடாமல் தனியே வையுங்கள். வீடு பழையதென்றால் 20. துருப்பிடித்த குழாய், ஓதம் ஏறிய சுவர், உளுத்த மரம், காப்புறை நொறுங்கிய மின்கம்பி எல்லாம் உடைத்துப் பார்த்த பிறகே தெரியவருபவை.

வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்

‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொற்கள் காதில் விழுந்தவுடன் பேனாவை எடுங்கள். இடிபாடுகளை அள்ளிக்கொண்டு போவது யார் பொறுப்பு, குழாய்களை வாங்கித் தருவது யார், பூச்சு வேலை சேர்த்தியா இல்லையா, காலை எத்தனை மணிக்கு வருவார்கள், சாவி யாரிடம் இருக்கும், தொழிலாளர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவார்கள் எல்லாமே எழுத்தில் இருக்கட்டும். பணத்தை நாள் கணக்கில் தராமல், முடிந்த கட்டத்தின் கணக்கில் தருவது நல்லது. கடைசி 5 முதல் 10 சதவீதத்தைக் குறைகள் சரிசெய்யப்படும் வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. நடுவில் நீங்கள் மனம் மாறி ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ, அதற்கான தொகையையும் கூடும் நாட்களையும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அடுக்குமாடி வீடென்றால் நிர்வாகத்தின் அனுமதி, சத்தம் எழுப்பக்கூடிய நேரம், லிஃப்டில் மூட்டை ஏற்றலாமா என்பதை முன்பே விசாரிக்க வேண்டும். சமையலறையைக் கூடத்தோடு சேர்க்கச் சுவரை எடுக்கும் எண்ணம் இருந்தால், அது சுமை தாங்கும் சுவரா என்பதைக் கட்டுமானப் பொறியாளர் சொல்லட்டும். சுவரைத் தட்டிப் பார்த்தே தீர்ப்புச் சொல்பவரின் பேச்சில் வீட்டை ஒப்படைக்காதீர்கள்.

தண்ணீர், மின்சாரம், எரிவாயு: எதை எங்கே நிறுத்துவது?

வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகளாகத் திருகப்படாத வால்வு இறுகிப்போயிருக்கும், அல்லது மூடினாலும் முழுதாக மூடாது. வேலை தொடங்க இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போதே அதை மூடி, ஒரு குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். சொட்டு நின்றால் சரி. நிற்காவிட்டால் பிளம்பரை அழைத்து மாற்றிவிடுங்கள். குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சும்போது இதைக் கண்டுபிடிப்பது மிகக் கொடுமை.

பிளம்பர் வந்திருக்கும்போதே வேலை நடக்கப்போகும் அறைக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தும் தனி வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். சிறு செலவுதான். அது இல்லையென்றால், அந்த அறையில் குழாய் வேலை நடக்கும் ஒவ்வொரு முறையும் வீடு முழுவதும் வறண்டு நிற்கும்.

மின் பெட்டியில் எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, சிறு தாளில் எழுதி ஒட்டுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். மனித உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் வகைதான் பொதுவாகப் பொருத்தப்படுகிறது. அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். ஈரமும் துளையிடும் இயந்திரமும் ஒன்றாக இருக்கப்போகும் அறைக்கு இதில் சமரசம் கூடாது.

எரிவாயு இணைப்பைக் கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும் அதற்கென உரிமம் பெற்றவரின் வேலை. சிலிண்டர் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். காற்றோட்டமில்லாத தாழ்ந்த மூலையிலோ நிலத்தடி அறையிலோ சிலிண்டரை ஒதுக்கி வைக்காதீர்கள். கசிவைச் சோப்பு நுரை பூசிப் பார்க்க வேண்டும். தீக்குச்சியை அருகில் கொண்டுபோகவே கூடாது.

தற்காலிகச் சமையலறை

வெளியில் வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு முதல் சில நாட்களுக்குத்தான் இனிக்கும். பிறகு வயிறும் பணப்பையும் முறையிடத் தொடங்கும். எனவே, எவ்வளவு எளிமையாக இருந்தாலும் ஒரு சமையலறை வேண்டும்.

வேலை நடக்கும் அறையிலிருந்து விலகிய, ஜன்னல் உள்ள, தண்ணீருக்கு அதிகத் தூரம் நடக்க வேண்டாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். உறுதியான ஒரு மேசை, கீழே இரண்டு பெட்டிகள், மேலே ஒரு மின் அடுப்பு, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டி போதும். மின்சாரக் கணக்கை மட்டும் கவனியுங்கள். 2,000 வாட் மின் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். கெண்டியும் பெரும்பாலும் அதே அளவு இழுக்கும். இரண்டையும் ஒரே நீட்டிப்பு வயரில் சொருகினால் வயர் சூடேறி உருகும். அடுப்பைச் சுவரிலுள்ள கனமான பிளக்கில் நேரடியாகச் சொருகுங்கள், கெண்டிக்கு வேறு பிளக் இருக்கட்டும். திரைச்சீலைக்குக் கீழே அடுப்பை வைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

ஃப்ரிட்ஜை முந்தைய நாளே நகர்த்திவிடுங்கள். சாய்த்தோ படுக்கவைத்தோ கொண்டுபோயிருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் சும்மா விட்டு, பிறகு இயக்குங்கள். கம்ப்ரசரிலுள்ள எண்ணெய் மீண்டும் கீழிறங்க அந்த நேரம் தேவை. வேலையின்போது மின்சாரத்தை அடிக்கடி நிறுத்துவார்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரமும் பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். நீண்ட நேரம் மின்சாரம் இருக்காது என்று தெரிந்தால், முந்தைய வாரங்களிலேயே உள்ளிருப்பதைத் தின்று தீர்ப்பதுதான் நல்லது.

பாத்திரங்களில் ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு குவளை, பொதுவாக இரண்டு பாத்திரம், ஒரு கத்தி. மற்றதெல்லாம் பெட்டிக்குள். வைத்திருக்கும் பாத்திரம் எவ்வளவு குறைவோ, கழுவும் வேலையும் அவ்வளவு குறைவு. கழுவுவதற்கு இரண்டு அகலமான தொட்டிகள்: ஒன்று தேய்க்க, ஒன்று அலச. எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்தால் துடைத்தெடுத்த பிறகே தண்ணீரில் போடுங்கள். முகம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய் குறுகலானது. எண்ணெய்த் தண்ணீரை நாள்தோறும் அதில் ஊற்றினால், மிச்சமிருக்கும் ஒரே குளியலறையும் அடைத்துக்கொள்ளும்.

எல்லாம் தயாரான பிறகு, இடிக்கும் நாளுக்கு முன் ஒரு முழு நாள் பழைய சமையலறையைப் பூட்டிவிட்டுத் தற்காலிகச் சமையலறையிலேயே மூன்று வேளையும் ஓட்டிப் பாருங்கள். கத்தரிக்கோல், வடிகட்டி, குப்பைக் கூடை, கைத்துணி என்று மறந்த ஒவ்வொன்றும் அந்த நாளில் தெரிந்துவிடும். அப்போதும் அவை எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று நினைவிருக்கும்.

குளியலறை: ஒன்று மட்டும் இருந்தால்

வீட்டில் இரண்டு குளியலறைகள் இருந்தால் ஒன்றை முடித்துப் பயன்பாட்டுக்கு வந்த பிறகே மற்றதைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூலி குறையும் என்பார்கள். உண்மையில் குறையக்கூடும், ஆனாலும் வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் ஒப்பந்தக்காரரோடு உட்கார்ந்து நாள்வாரியாகப் பேசியாக வேண்டும். கழிப்பறைக் கோப்பையை முதல் நாளே பிடுங்காமல் முடிந்தவரை தள்ளிப்போடலாம். சில கட்டங்களில் மாலையில் அதைத் தற்காலிகமாகப் பொருத்தித் தரவும் முடியும். ஆனால் நீர்த்தடுப்புப் பூச்சு உலரும் நாட்களிலும் தரை ஓடு பதித்து அது இறுகும் வரையிலும் உள்ளே கால் வைக்கவே முடியாது. அந்த நாட்கள் எவை என்று நாட்காட்டியில் சிவப்பில் குறிக்கச் சொல்லுங்கள். உறவினர் வீட்டுக்குப் போவதா, பக்கத்து வீட்டில் கேட்பதா, தற்காலிகக் கழிப்பறை வாடகைக்கு எடுப்பதா என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் முதியவர்களோ கர்ப்பிணியோ நோயாளியோ இருந்தால், அந்த நாட்களில் அவர்கள் வேறிடத்தில் தங்குவதே சரி.

கோப்பையைக் கழற்றியவுடன் கழிவுக் குழாய் வாய் திறந்து நிற்கும். வளைவில் தேங்கி நின்ற தண்ணீர்தான் அதுவரை கழிவுநீர் வாயுவைத் தடுத்துக்கொண்டிருந்தது. அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருப்பதால், நாற்றத்தோடு உடல்நலக் கேடும் சேர்ந்து வரும். குழாயின் வாய்க்குப் பொருத்தமான மூடி போடச் சொல்லுங்கள். வெறும் கந்தலை அடைத்தால் அது உள்ளே போய்விடும், சிமென்ட் கட்டியும் பின்னாலேயே போகும். வீட்டில் பயன்படுத்தாமல் விட்ட வேறு நீர்ப்போக்குத் துளைகள் இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.

தூசி

சத்தம் மாலையில் நின்றுவிடும், தூசி நிற்காது. சிமென்ட், செங்கல், கல், ஓடு ஆகியவற்றை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் வெளிவரும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதன் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்கும். கண்ணுக்குத் தெரியும் தூசி சில நிமிடங்களில் தரையில் படிந்துவிடும். தெரியாத தூசி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும்.

முதல் வழி, தூசி எழாமல் பார்ப்பது. ஓடுகளைத் தண்ணீர் விட்டு வெட்டும் இயந்திரத்தால், முடிந்தால் வீட்டுக்கு வெளியே வெட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, எழுந்த தூசியை அறைக்குள்ளேயே நிறுத்துவது. வாசலில் தடித்த பிளாஸ்டிக் திரையைத் தரையிலிருந்து கூரை வரை நாடாவால் ஒட்டி, நடுவில் ஜிப் வைத்த வழி விடுங்கள். அறையின் ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றை வைத்தால், உள்ளே அழுத்தம் குறைந்து, காற்று வீட்டிலிருந்து அறைக்குள் போகுமே தவிர அறையிலிருந்து வீட்டுக்குள் வராது. திரையைவிட இந்த விசிறி அதிக வேலை செய்யும். இதைச் செய்யும் வீடுகள்தான் மிகக் குறைவு.

வீடு முழுவதற்குமான குளிர்சாதன வசதி இருந்தால் அந்த அறையிலுள்ள காற்று வாய்களை ஒட்டி மூடிவிடுங்கள். இல்லையென்றால் தூசி குழாய்வழியே எல்லாப் படுக்கையறைக்கும் போய்ச் சேரும். வாசலில் ஈரச் சாக்கு ஒன்று கிடக்கட்டும். மாலையில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், படிந்ததை மறுபடி கிளப்பத்தான் அது உதவும். ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கருவியைப் பயன்படுத்துங்கள். அறைக்குள் எட்டிப் பார்க்க நினைப்பவர்கள் என்95 முகக்கவசம் அணிந்துகொள்ள வேண்டும். துணிக் கவசம் இந்தத் துகளை நிறுத்தாது. புகை எச்சரிக்கைக் கருவி அருகில் இருந்தால் பகலில் மூடி, மாலையில் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

பழைய வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில், நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமமான ஆஸ்பெஸ்டாஸ், கூரைத் தகட்டில் மட்டுமன்றித் தரை ஓடுகளிலும் அவற்றை ஒட்டும் பசையிலும் குழாய் உறைகளிலும் கலக்கப்பட்டது. பிரிட்டன் அதை முழுமையாகத் தடை செய்தது 1999இல்தான். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருந்தது. அமெரிக்கா வீடுகளில் அதை 1978இல் தடை செய்தது. சந்தேகம் இருந்தால், உடைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை ஆய்வகத்தில் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தத் துண்டையும் பயிற்சி உள்ளவரே எடுக்க வேண்டும். முடிவு வரும் வரை யாரும் அதைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது.

சுவரின் மறுபக்கம்

அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவரின் மறுபக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குளியலறைச் சுவரில் சுத்தியல் அடிக்கும்போது அதே சுவரின் பின்புறம் மாட்டியிருக்கும் படம், கடிகாரம், கண்ணாடி அலமாரி எல்லாம் அதிரும். இடிப்பதற்கு முந்தைய நாள் அவற்றைக் கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள். மேல்தளமும் கீழ்த்தளமும் உங்களுடையவை என்றால் அங்கேயும் பாருங்கள். வேறொருவருடையவை என்றால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த நாட்களில் சத்தம் அதிகம், எப்போது தண்ணீர் நிற்கும் என்று ஒரு சிறு குறிப்பு கொடுத்தாலே பாதிச் சண்டை தவிரும்.

பெட்டி கட்டும்போது பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள். அடுக்கிய பிறகு மேற்புறம் தெரியாது. நகை, ஆவணம், மருந்து ஆகியவற்றைப் பூட்டுள்ள ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். இது தொழிலாளர்கள் மீதான சந்தேகம் இல்லை. கதவு நாள் முழுவதும் திறந்திருக்கும் வீட்டில் ஏதேனும் காணாமல்போனால் பழி முதலில் அவர்கள் மேல்தான் விழும், அந்த நிலை வராமல் பார்ப்பது உங்கள் கடமை. அவர்களுக்குக் குடிநீர், கைகழுவ ஓரிடம், உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழல் ஆகியவற்றை முதல் நாளே காட்டிவிடுங்கள்.

வேலைக்காரர்கள் நடக்கும் வழியில் தரையை அட்டையால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வழுக்கும். சிறு குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வேலை நேரத்தில் வேறொரு மூடிய அறையிலோ வேறு வீட்டிலோ வையுங்கள். ஆணியும் திறந்த வாசலும் ஒன்றாக இருக்கும் இடம் அவர்களுக்கானதல்ல.

வேலை தொடங்கிய பிறகு நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

சுவருக்குள் குழாயும் மின்கம்பியும் பதித்து, பூசி மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். அளவு நாடா ஒன்றைச் சுவரில் பிடித்தபடி எடுத்தால், எங்கே ஆணி அடிக்கலாம் என்று பின்னால் தெளிவாகத் தெரியும். குழாய்களை மூடும் முன், அவற்றில் அழுத்தத்தோடு தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் அழுத்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு, ஓடு பதிக்கும் முன், நீர்ப்போக்குத் துளையை அடைத்துவிட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கிக் குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மட்டம் நன்றாக இறங்கியிருந்தாலோ, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ பூச்சு சரியில்லை. நேரமாகிவிட்டது என்று இதைத் தவிர்க்கச் சொல்வார்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தால், பிறகு கசிவு வரும்போது பதித்த ஓடு முழுவதையும் பெயர்க்க வேண்டியிருக்கும். நீர்ப்போக்குத் துளையை நோக்கித் தரைச் சரிவு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

உலர்வதற்கான நாட்களைச் சும்மா இருக்கும் நாட்கள் என்று நினைத்து அவசரப்படுத்தாதீர்கள். ஓட்டுப் பசை பொதுவாக 24 மணி நேரம் இறுகிய பிறகே இடுக்குகளை நிரப்புவார்கள். மூலைகளில் பூசும் சிலிக்கோனும் ஏறக்குறைய அதே அளவு நேரம் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். பொருளின் உறையில் உள்ள நேரமே இறுதியானது.

ஒப்படைக்கும் நாளில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் காய்ந்த தாளை விரித்துச் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். அலமாரிக் கதவுகள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா, ஒவ்வொரு பிளக்கிலும் மின்சாரம் வருகிறதா, தண்ணீர் தரையில் எங்காவது தேங்குகிறதா என்று பட்டியல் போட்டு ஒப்பந்தக்காரரோடு சேர்ந்தே சரிபாருங்கள். பட்டியலில் கடைசிக் குறை தீர்ந்த பிறகே நிறுத்திவைத்த தொகை. மீந்த ஓடுகளில் ஒரு பெட்டியையும், வண்ணப்பூச்சின் நிற எண்ணையும், குழாய்களின் உத்தரவாதச் சீட்டுகளையும் சுவர்ப் படங்களோடு சேர்த்து ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.